போகலாம், திரும்ப முடியாது!

பிரித்தானியாவில் தொழில் பார்க்கும் ஒரு தமிழ் இளைஞன் தன் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க உரிய காலத்தில் விண்ணப்பிக்கிறான். கட்டணம் கட்டியாயிற்று, கைரேகையும் கொடுத்தாயிற்று, முடிவு மட்டும் வரவில்லை. அந்த வேளையில் வடமராட்சியிலோ வவுனியாவிலோ அவனுடைய தந்தை கண்மூடினால், மகன் கொள்ளி வைக்க வரலாமா? தாராளமாக வரலாம். விமான நிலையத்தில் அவனை எவரும் மறிக்கப்போவதில்லை. திரும்பிப் போக முடியுமா என்பதே கேள்வி.

1971ஆம் ஆண்டுப் பிரித்தானியக் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு முதற்பார்வைக்கு நல்லதாகவே தோன்றும். பழைய அனுமதி முடியுமுன் விண்ணப்பித்தவரின் அனுமதி, முடிவு வரும்வரை தானாகவே நீளும் என்கிறது அது. அவர் வேலையை இழப்பதில்லை. சட்டவிரோதக் குடியாளும் ஆவதில்லை. ஆனால் நாட்டைவிட்டு வெளியேறிய கணத்தில் அவ்வாறு நீண்ட அனுமதி அற்றுப்போகும் என்ற நிபந்தனையும் அதே பிரிவிலேயே உண்டு. குடிவரவு விதிகளோ இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. ஐக்கிய இராச்சியமும் அயர்லாந்தும் அருகிலுள்ள தீவுகளும் அடங்கிய பொதுப் பயண எல்லையைக் கடந்தவரின் விண்ணப்பம், அவரே மீளப்பெற்றதாகக் கருதப்படுமாம்! தந்தையின் ஈமக்கிரியைக்குப் போனவன் எதை மீளப்பெற்றான்? செய்யாத காரியத்தைச் செய்ததாகக் கொள்ளும் இந்தக் கற்பனை எந்த நீதியில் சேரும்? பழைய அனுமதியில் நாள்கள் எஞ்சியிருந்தால் அவற்றுக்குள் திரும்பிச் சென்று புதிதாக விண்ணப்பிக்கலாம். அது முடிந்திருந்தாலோ, இங்கிருந்தே மீண்டும் விசாக் கேட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். வேலை காத்திருக்குமா?

பணம் கட்டினால் விரைவில் முடிவு கிடைக்கும் வழியும் உண்டு. 2025இல் அதற்கு 500 பவுண், மறுநாளே முடிவு வேண்டுமாயின் 1,000 பவுண். விண்ணப்பிக்கும்போதே தெரிந்தெடுக்க வேண்டிய வசதி அது. மரணம் அவ்விதம் முன்னறிவித்தல் கொடுத்து வருவதில்லையே.

நாட்டுக்குள் தங்குவதற்கான விண்ணப்பத்துக்கு, விண்ணப்பித்தவர் நாட்டில் இருப்பதே அடிப்படை என்று அதிகாரிகள் வாதிடலாம். அந்த வாதத்தை ஜேர்மனியின் சட்டமே முறியடிக்கிறது. அங்கு வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவின்படி, காலத்தோடு புதுப்பிக்கக் கேட்டவருக்கு ஓர் இடைக்காலச் சான்று வழங்கப்படுகிறது. அதையும் கடவுச்சீட்டையும் முடிந்துபோன அனுமதி அட்டையையும் காட்டி அவர் நாடு திரும்பலாம். ஜேர்மனி இதனால் குடிமுழுகிப் போகவில்லை. ஒரு கவனம்: அதே சான்று மூன்றாம் உட்பிரிவின் கீழ் வழங்கப்பட்டிருந்தால் திரும்பும் உரிமை இல்லை. எந்தக் கட்டத்தில் குறியிடப்பட்டிருக்கிறது என்று பாராமல் எவரும் பயணச்சீட்டு வாங்கலாகாது.

இத்தாலியில் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை 60 நாள்களுக்குள் முடிக்கவேண்டும் என்பது சட்டம். மாதக்கணக்கில் இழுபடுவது பலேர்மோவிலுள்ள எம்மவர் அறிந்த நடைமுறை. ஆயினும் தபாற்கந்தோர் தரும் பற்றுச்சீட்டோடு ஊருக்கு வந்து திரும்ப அந்நாடு இடமளிக்கிறது. வழியில் வேறு செங்கன் நாட்டில் இறங்கி மாறக்கூடாது, அவ்வளவுதான். ரோமிலிருந்து டோகா வழியாக வருபவர் தப்புவார். சில யூரோ மலிவென்று பிராங்பேர்ட் வழியாக வருபவர் மாட்டிக்கொள்வார்.

இத்தகைய கணக்குகள் எமக்குப் புதியவையல்ல. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், மலையகத் தொழிலாளியிடம் ஏழாண்டு அல்லது பத்தாண்டு இடையறாத வதிவைக் கேட்டது. ஒரு தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தாயகத்தில் தங்கியிருந்தால் அந்த வதிவு அறுந்ததாயிற்று. தாயைப் பார்க்கப் போன பயணம் ஒருவனுக்கு எதிரான சாட்சியாவதை இந்த நாட்டிலேயே கண்டவர்கள் நாம்.

தாமதம் விண்ணப்பித்தவனுடையதன்று, அரசாங்கத்தினுடையது. அத்தாமதத்துக்கான தண்டனையை மட்டும் அவன் ஏன் சுமக்கவேண்டும்? 3சி பிரிவின் கீழ் நீளும் அனுமதி, குறுகிய காலப் பயணத்தால் அழியாதபடி திருத்தப்படவேண்டும் என்று கோருகிறோம். அது உடனடியாக இயலாதெனில், பெற்றோர், துணை, பிள்ளை ஆகியோரின் மரணத்துக்கும் கடும் நோய்க்குமாவது விலக்களிக்கவேண்டும். பிரித்தானியாவில் வாக்குரிமை பெற்ற தமிழர் தத்தம் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரிடம் இதனை எழுத்தில் வைக்கவேண்டும். கோவில் திருவிழாவுக்கு அவ்வுறுப்பினர்களை அழைத்து மாலை சூட்டுகிறோம்; மனுவொன்றும் கையில் கொடுக்கலாமே.

இன்று எத்தனையோ பிள்ளைகள் தகப்பனின் உடல் சுடலைக்குப் போவதைக் கைத்தொலைபேசித் திரையில் பார்த்திருக்கிறார்கள். எட்டுச் செலவுக்கும் வரவில்லை, அந்தியேட்டிக்கும் வரவில்லை என்று ஊர் அவர்களைக் குறை சொல்லியுமிருக்கிறது. வராதவன் எல்லாம் மனமில்லாதவன் அல்லன். ஊரிலுள்ள பெற்றோருக்கும் உறவினருக்கும் நாம் சொல்வது இது: “உடனே புறப்பட்டு வா” என்று பிள்ளையை அழைக்குமுன், அவனுடைய விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.