சினிமாப் பாட்டுக்கென்றே படைத்த காதா?

பங்குனியில் திருமழபாடிக்குப் போனால் நந்தி கல்யாணம் பார்க்கலாம். திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளைக் கோலத்தில் நந்தி கொள்ளிடத்தைத் தாண்டி வந்து சுயசாம்பிகையைக் கைப்பிடிக்கும் திருவிழா அது. 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்' என்ற சொல்லை நம்பிப் பெண்ணைப் பெற்றவர்களும் பிள்ளையைப் பெற்றவர்களும் கூட்டத்தில் நிற்பார்கள்.

அங்கே மட்டுமல்ல, அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் எந்த ஊர்த் திருவிழாவானாலும் இரவில் மேடை போட்டால் அதில் ஏறுவது பெரும்பாலும் ஆர்கெஸ்ட்ராதான். ஆர்கெஸ்ட்ரா என்றால் சினிமாப் பாட்டு. ஏன் என்று கேட்டால் வரும் பதிலும் ஊருக்கு ஊர் ஒன்றுதான்: "நம்ம சனத்துக்கு அதைத் தவிர வேற எதுவும் ஏறாதுங்க."

படித்தவர்கள் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். படத்துக்கு வெளியே சொந்தமாகப் பாட்டுக் கட்டும் குழுக்களுக்கு ரசிகராவது வெள்ளைக்காரனைப் பார்த்து வந்த மோகமாம், சென்னையில் நாலு பிள்ளைகள் கட்டிக்கொண்டு திரியும் பகட்டாம். இரண்டும் ஒரே நம்பிக்கைதான். அது பொய்.

ஆர்கெஸ்ட்ரா ஏறுவதற்கு முன்பு அதே திருவிழாவின் குழாய் ஸ்பீக்கரில் என்ன பாடுகிறது என்று கேட்டாலே போதும். ஆடியில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள். கார்த்திகையில் கே. வீரமணியின் ஐயப்பன் பாட்டுகள். சஷ்டியில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம். நாகூர் ஹனிபாவின் 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டைத் தெரியாத ஊரும் இல்லை, அதை முணுமுணுக்காத மதமும் இல்லை. இவற்றில் எதுவும் ஒரு கதாநாயகன் வாயசைப்பதற்காகப் பிறந்ததல்ல. சனத்துக்கு ஏறவில்லையா என்ன? பக்திப் பாட்டு வேறு என்று சிலர் நழுவப் பார்ப்பார்கள். பக்தி பாட்டைக் கேட்க வைக்கலாம். ஐம்பது வருடம் மனப்பாடமாக வைத்திருப்பது பாட்டின் வலுவால்தான்.

திருமழபாடிக்கே பேர் வாங்கித் தந்தது ஒரு பாட்டு. சுந்தரர் தென்கரையில் ஆலம்பொழிலில் தங்கியிருந்தபோது இறைவன் கனவில் வந்து மழபாடியை மறந்தாயோ என்று கேட்க, அவர் ஆற்றைக் கடந்து வந்து 'பொன்னார் மேனியனே' பதிகத்தைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஓதுவார்கள் வாயில் அது உயிரோடிருக்கிறது.

வெறிபிடித்த ரசிகர் என்பது இறக்குமதிச் சரக்கு என்பவர்கள் கொள்ளிடத்தைத் தாண்டித் திருவையாறு வரை போய்வருவது நல்லது. (இறக்குமதியானது 'விசிறி' என்ற சொல்தான். 'ஃபேன்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பிடித்து, வெயிலுக்கு வீசிக்கொள்ளும் பொருளின் பெயரை மனிதருக்கு வைத்துவிட்டோம்.) தியாகராஜர் சமாதி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று 1921இல் கேள்விப்பட்டார் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்தவர், புகழின் உச்சியில் இருந்தவர். தன் சொத்தைக் கொட்டி அங்கே கோயில் எழுப்பினார். 1925இல் குடமுழுக்கு நடந்தது. ஆனால் ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அவர் அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. பெண்களைத் திரட்டிச் சமாதிக்குப் பின்புறம் தனியாகப் பாட வைத்தார். பிறகு பெண்களுக்கும் வழி திறந்தது. 1952இல் அவர் இறந்தபோது, தான் கொண்டாடியவருக்கு அருகிலேயே அவருக்கும் சமாதி அமைந்தது. ஒரு பாட்டுக்காரருக்கு இதைவிடப் பெரிய ரசிகரை எந்த ராக் இசைக்குழு கண்டது?

கருவியைக் காட்டி அந்நியம் என்பதும் எடுபடாது. வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. கிளாரினெட்டும் அப்படியே. அதைக் கச்சேரி மேடையில் நாகசுவரத்துக்கு நிகராக வாசித்த திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மின்கிதாருக்கு மட்டும் என்ன தனித் தீட்டு?

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறை மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயருக்கு வேர் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் சொல். பறையும் கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில். வடசென்னையில் சாவு வீட்டுப் பாட்டென்று ஒதுக்கிவைத்திருந்த கானாவை, இடஒதுக்கீட்டையும் சாதியையும் பேசும் பாட்டாக்கி ஆயிரக்கணக்கானோர் முன் வைத்தார்கள். அந்தக் குழுவின் இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். இதைப் பகட்டு என்பவர் ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்டிருக்க மாட்டார்.

ரசிகர் என்ன செய்வார் என்பதற்கு இன்னொன்று. 2021 மார்ச்சில், அறிவு எழுதிப் பாடகி தீயோடு சேர்ந்து பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள்தான் அதன் கரு. எந்தப் படத்திலும் இல்லாத பாட்டைக் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. கேட்டவர்கள் கொதித்தார்கள். பிறகு அறிவின் படத்தோடு இணையத்தில் தனி அட்டை வெளியானது. கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றும் ரசிகர், பாட்டை எழுதியவர் யார் என்று என்றைக்காவது சண்டை போட்டிருக்கிறாரா?

சுயாதீன இசை என்ற பெயரில் வருவதெல்லாம் உசத்தி என்று யாரும் சொல்லவில்லை. தமிழை ஆங்கிலம்போல் மென்று துப்பும் பாட்டுகளும் ஏராளம். அவற்றை ஒதுக்கவும் சனத்துக்குத் தெரியும், ஆனால் முதலில் காதில் விழ வேண்டும். இந்தக் குழுக்களின் மேடைகள் பெரும்பாலும் சென்னையிலும் கோவையிலுமே முடிந்துபோகின்றன. சோறே போடாத வீட்டில் பிள்ளைக்குப் பசியில்லை என்று சொல்வதுபோல இருக்கிறது இந்த 'ஏறாது' வாதம்.

விழாக் கமிட்டிக்காரர்களே, வரும் பங்குனியில் ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்பு ஒரே ஒரு மணி நேரத்தைச் சொந்தப் பாட்டு வைத்திருக்கும் குழுவுக்குக் கொடுத்துப் பாருங்கள். கூட்டம் எழுந்து போனால் ஒன்பது மணிக்கே ஆர்கெஸ்ட்ராவை ஏற்றிவிடுங்கள்.