ஃபிரிட்ஜுக்குள் வண்டிச் சாவி

மாணவர் குறும்படத் தேர்வுக்கு வந்த படங்களைப் போன மாதம் நாலு நாள் உட்கார்ந்து பார்த்தோம். அதில் ஒன்று பதினொரு நிமிடப் படம். அடுப்படியில் ஒரு பாட்டி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, காது மடலும் கை நரம்பும் தனித்தனியாகத் தெரிகின்றன. வீட்டை விற்கச் சொல்லி வந்திருக்கும் பேரனை நிமிர்ந்தே பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். வந்தது, முப்பது வயதுப் பெண் கிழவி வேஷம் கட்டிய குரல். உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். பின்னால் ஒன்றுமே இல்லை. கீரை உருவும் சத்தம்கூட இல்லை. தேர்வுக் குழுவிலேயே ஒருவர் சிரித்துவிட்டார்.

எடுத்த பையனை அப்புறம் கூப்பிட்டுப் பேசினேன். பாட்டி அவருடைய சொந்த அப்பத்தா. ஊர் உசிலம்பட்டிப் பக்கம். படப்பிடிப்பில் அருமையாகப் பேசியிருக்கிறார். கேமராவின் தலையில் இருந்த மைக்கில் பதிந்ததோ பக்கத்து வீட்டு மிக்சி. சரி, டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பத்தாவைச் சென்னைக்கு அழைத்துவந்து, கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டியிருக்கிறார்கள். திரையில் தன் முகம் வாயசைப்பதைப் பார்த்துவிட்டு அப்பத்தா கேட்டாராம்: "அதான் அவ பேசிட்டாளேய்யா, நான் வேற எதுக்குத் திரும்பப் பேசணும்?"

ஒலிப்பதிவைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாக விஷயத்தைச் சொன்னதில்லை.

நம் ஊரில் டப்பிங் என்பது ஏதோ இயற்கை விதி போல ஆகிவிட்டது. அது அப்படி வந்ததல்ல. 1931-இல் 'காளிதாஸ்' எடுத்தபோது நடிகர்கள் செட்டிலேயே பேசினார்கள், பாடினார்கள், அதுவே பதிவானது. வெகுகாலம் ஸ்டுடியோ தளத்துக்குள் சத்தம் போடாத கனமான கேமராக்களோடு வேலை நடந்தது. அப்புறம் ஆரிஃப்ளெக்ஸ் 2சி மாதிரியான சின்னக் கேமராக்கள் வந்தன. தோளில் தூக்கிக்கொண்டு வயல், மலை, ரயிலடி என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் ஓடவிட்டால் தையல் மெஷின் தோற்றுப்போகும். கேமராவே சத்தம் போடும்போது நடிகர் பேச்சை எங்கே பதிவது? பைலட் டிராக் என்று ஒப்புக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் தியேட்டரில் பேசிச் சேர்த்தார்கள். காரணம் அந்த இயந்திரம். இன்று உங்கள் கையில் இருக்கும் கேமரா மூச்சுகூட விடுவதில்லை. காரணம் போய்ப் பல வருடமாகியும் பழக்கம் மட்டும் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

பெரிய படங்களுக்கு அந்தப் பழக்கத்தில் நியாயம் உண்டு. தமிழ் தெரியாத நடிகை, ஒரே சமயத்தில் நாலு மொழி, கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாத தெரு. அவர்களிடம் தேர்ந்த குரல் கலைஞர்கள் இருக்கிறார்கள், எஃபெக்ட்ஸ் போடும் ஆட்கள் இருக்கிறார்கள், வாரக்கணக்கில் தியேட்டர் இருக்கிறது. அப்படியிருந்தும் 'லகான்' (2001), 'விருமாண்டி' (2004) போன்ற படங்கள் ஜனக்கூட்டத்தை வைத்துக்கொண்டே லைவ் சவுண்டில் எடுக்கப்பட்டன. மாணவரிடம் இருப்பது என்ன? அம்மா, அப்பத்தா, விடுதித் தோழன், டீக்கடை அண்ணன். இவர்கள் யாருக்கும் டப்பிங் பேச வராது. ஒரு தடவை உண்மையாகச் சொல்வார்கள். அந்த ஒரு தடவைதான். ஆகவே டப்பிங் சிக்கனம், லைவ் சவுண்ட் ஆடம்பரம் என்று வகுப்பறைகளில் சொல்லப்படுவது தலைகீழ்க் கணக்கு. காசில்லாதவனுக்குத்தான் லைவ் சவுண்ட் அவசியம்.

முதல் வேலை, மைக்கைக் கேமராவிலிருந்து இறக்குவது. மைக் இருக்க வேண்டிய இடம் பேசுகிறவரின் வாய்க்குப் பக்கம். தூரம் இரு மடங்கானால் பேச்சு 6 டெசிபல் குறையும். அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கும். வைட் ஷாட்டுக்காகக் கேமராவைப் பின்னால் நகர்த்தும்போது மைக்கையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால் வசனத்தை நீங்களே புதைக்கிறீர்கள். பதினான்கு மீட்டர் தள்ளிப் போய்விட்டால் சத்தம் ஒரு ஃபிரேம் தாமதமாகவே வந்து சேரும், உதட்டோடு ஒட்டாது. பூம் கம்பை மேலிருந்து சாய்வாக, ஃபிரேமின் விளிம்புக்கு அரை ஜாண் வெளியே பிடிக்க வேண்டும். அதற்கு ஒளிப்பதிவாளர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளிம்பு எதுவரை என்று பூம் பிடிப்பவருக்குக் காட்ட வேண்டும். நம் மாணவ யூனிட்களில் இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை.

பூம் வாடகைக்குக் கட்டுப்படியாகவில்லையா? ஒரு காலர் மைக்கை வாங்கிப் பழைய செல்போனில் சொருகி, நடிப்பவர் சட்டைப்பைக்குள் போட்டுவிடுங்கள். ஷாட் ஆரம்பத்தில் கேமரா முன்னால் பளிச்சென்று ஒரு கைதட்டு. எடிட்டில் படத்தையும் ஒலியையும் பொருத்த அது போதும். பட்டுச் சேலை, மொடமொடப்பான கஞ்சிச் சட்டை இரண்டும் காலர் மைக்குக்கு எமன். கண்ணாடி வளையலும் கொலுசும் கதைக்குத் தேவையில்லையென்றால் கழற்றிவிடலாம். தானாக அளவைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயினை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் பின்னணி இரைச்சல் அலை மாதிரி எழும்பி எழும்பி அடங்கும். உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும்.

அப்புறம், யாராவது ஒருவர் ஹெட்போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. என் டிப்ளமா படத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மைக்கின் பேட்டரி தீர்ந்துபோனது. மீட்டரில் ஏதோ முள் ஆடியதே என்று இரண்டு நாள் படம் எடுத்தோம். யாரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் மூன்று பாத்திரங்களுக்கு நானே குரல் கொடுத்தேன், அதில் ஒன்று மாமனார். அந்தப் படம் எங்கே என்று யாராவது கேட்டால் இன்றும் நெகட்டிவ் தொலைந்துவிட்டது என்றுதான் சொல்வேன்.

லொகேஷன் பார்க்கப் போகிறவர்கள் கையை மடக்கி ஃபிரேம் வைத்துப் பார்க்கிறார்கள். கூடவே ஐந்து நிமிடம் கண்ணை மூடி நின்றால் நல்லது. அதுவும் படம் எடுக்கப்போகும் அதே நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆளரவமற்ற தெரு, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தண்ணீர் லாரி வரும் தெருவாக இருக்கும். ஆடி மாதம் அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கி, மார்கழி விடியற்காலைப் பாட்டு, பங்குனியில் குயில், எல்லா மாதமும் காகம். பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறதா, மாடியில் டைல்ஸ் அறுக்கிறார்களா என்று வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டால் ஒரு நாள் வாடகை மிஞ்சும்.

வீட்டுக்குள் எதிரிகள் இன்னும் நெருக்கம். மின்விசிறியை டேக்குக்கு டேக் நிறுத்திப் போட வேண்டும். மே மாதத்தில் இது தண்டனைதான், நெற்றி வியர்வைக் கன்டின்யுட்டியும் சேர்ந்து தொலையும். ஆனாலும் விசிறிச் சத்தம் கலந்த வசனத்தைக் கத்தரித்து ஒட்டினால் ஒவ்வொரு கட்டிலும் அது துள்ளும். இன்வெர்ட்டர் ஹம் என்று முனகும். மோட்டார் தானாகப் போட்டுக்கொள்ளும். ஃபிரிட்ஜ்தான் மோசம், சும்மா இருக்கிறதே என்று நம்பி ஆரம்பித்தால், நல்ல டேக்கின் நடுவில் உறுமத் தொடங்கும். அதனால் அணைத்துவிடுவோம். சாயங்காலம் மறந்து கிளம்பிவிடுவோம். மறுநாள் வீட்டுக்காரம்மாவின் தோசை மாவு பொங்கி வழியும். அந்தத் தெருவில் இனி யாருக்கும் லொகேஷன் கிடைக்காது. ஒலிப்பதிவாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஃபிரிட்ஜை அணைத்ததும் தங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவார்கள். திரும்பப் போட்டுவிட்டுப் போவதைத் தவிர வேறு வழி இருக்காது.

இப்போதைய வீடுகளின் இன்னொரு சாபம், பளபளக்கும் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும். வசனம் கிணற்றுக்குள் பேசியது போல் எதிரொலிக்கும். எந்த மென்பொருளும் அதைச் சுத்தமாக எடுக்காது. ஃபிரேமுக்கு வெளியே தரையில் ஜமுக்காளம், கேமராவுக்குப் பின்னால் கொடி கட்டி இரண்டு கம்பளிப் போர்வை. அவ்வளவுதான் செலவு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. பேக்கப் சொல்வதற்கு முன்னால், லைட்டை இறக்குவதற்கு முன்னால், எல்லோரும் நின்ற இடத்தில் அசையாமல் நிற்க, அந்த அறையின் மௌனத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். ரூம் டோன் என்று பாடத்தில் இருக்கிறது, தேர்வில் எழுதுகிறார்கள், படப்பிடிப்பில் மட்டும் செய்வதில்லை. எந்த அறையும் முழு அமைதியாக இருப்பதில்லை. தூரத்துச் சாலை, ஜன்னல் கம்பியில் காற்று, சுவருக்கு அந்தப்புறம் ஒரு தொலைக்காட்சி, இத்தனை உடம்புகள் உறிஞ்சிக்கொண்டது போக மிஞ்சிய ஏதோ ஒன்று. எடிட்டில் தேவையில்லாத இருமலை வெட்டி எடுக்கிறீர்கள். அந்த இடத்தில் வெறுமை விட்டால் பார்ப்பவர் காதில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை அதே அறையின், அதே நாளின் மௌனத்தால்தான் நிரப்ப முடியும். அடுத்த வாரம் போய் எடுத்தால் அது வேறு மௌனம்.

கூடவே வைல்டு டிராக். ஷாட் ஓகே ஆனதும் கேமராவை நிறுத்திவிட்டு, நடித்தவரை அதே இடத்தில், அதே மனநிலை கலையும் முன், மைக்கை இன்னும் பக்கத்தில் கொண்டுபோய் அந்த வசனத்தை இரண்டு முறை சொல்லவையுங்கள். அப்பத்தாவைச் சென்னைக்கு அழைத்து வந்திருக்கவே வேண்டாம். மிக்சி ஓய்ந்த பிறகு கீரைத்தட்டு மடியில் இருக்கும்போதே, "ஆத்தா, அதை இன்னொருக்கா சொல்லு" என்றிருந்தால் சொல்லியிருப்பார். அந்தக் கீரைச் சத்தத்தையும் தனியாக ஒரு நிமிடம் எடுத்திருக்கலாம்.

படத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்பீர்கள். அதில் நம் பிள்ளைகள் நன்றாகவே இருக்கிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டரை 1/50-இல் வைத்தால் மினுக்கல் வராது என்பதை முதல் வருடத்திலேயே கற்றுவிடுகிறார்கள். சுப்ரதா மித்ரா 'அபராஜிதோ'வுக்காக (1956) காசி வீட்டு முற்றத்தை செட்டாகப் போட்டு, மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதில் அடித்துத் திருப்பி வானத்து வெளிச்சத்தை உண்டாக்கியது தெரிந்து, வேட்டியைக் கட்டி முயன்றும் பார்க்கிறார்கள். கண்ணுக்கு இத்தனை அக்கறை எடுப்பவர்கள் காதுக்கு என்று வரும்போது கடைசியாகச் சேர்ந்த ஜூனியர் கையில் பூமைக் கொடுத்துவிட்டு டீ வாங்கவும் அவரையே அனுப்புகிறார்கள். டைட்டிலில் அந்தப் பெயர் 'நன்றி' பட்டியலில் வருகிறது.

நஷ்டம் யாருக்கு என்றால், படத்துக்குத்தான். ஒலிதான் ஏழைப் படத்தின் பெரிய சொத்து. பிரெஸ்ஸானின் 'எ மேன் எஸ்கேப்ட்' (1956) படத்தில் சிறை அறைக்கு வெளியே இருக்கும் உலகம் பெரும்பாலும் நம் காதுக்குத்தான் வருகிறது: சாவி, காலடி, தூரத்து ரயில். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது. அதில் அப்பனும் மகனும் வெயிலில் நடக்கும் நடையைக் கேட்டுப் பாருங்கள். திருவிழா எடுக்கக் காசில்லையா? கதவைச் சாத்துங்கள், வெளியே தவில் போகட்டும், உள்ளே ஒருவர் நிமிர்ந்து பார்க்கட்டும். அடுப்படி ரேடியோவில் பாட்டு வர வேண்டுமென்றால் பாட்டை டைம்லைனில் அப்படியே ஒட்டாமல், ஒரு செல்போனில் போட்டு, எவர்சில்வர் தூக்குக்குள் வைத்து, அடுத்த அறையிலிருந்து பதிவு செய்யுங்கள். வால்டர் மர்ச் 'அமெரிக்கன் கிராஃபிட்டி'யில் (1973) பாட்டுகளை வெளியே ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டுத் திரும்பப் பதிவு செய்ததும் இதே யுக்திதான். அவரிடம் தூக்கு இல்லை, அவ்வளவே.

ஆகவே ஓர் அறிவிப்பு. அடுத்த தேர்வுக்குப் படம் அனுப்புகிறவர்கள், படத்தோடு முக்கியமான லொகேஷன் ஒன்றின் ஒரு நிமிட மௌனத்தையும் தனிக் கோப்பாக அனுப்ப வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ். முதலில் அதைத்தான் கேட்போம். விசிறி ஓடினால் திருப்பி அனுப்பிவிடுவோம்; காகம் கத்தினால் பரவாயில்லை.