எழுத்தை மறைத்தல் அடக்கமாகுமா?

நம் கல்லூரி மாணவருள் எழுத வல்லார் பலர். எழுதியதைப் பிறர்க்குக் காட்ட வல்லார் சிலரே. "இன்னும் செப்பம் பெறவில்லை" என்னும் ஒரு சொல், விடுதி மேசைகளுக்குள் எத்தனையோ கட்டுரைகளைச் சிறைப்படுத்தியிருக்கின்றது. இதனை அடக்கம் என்பர். யானும் அவ்வாறே கூறிவந்தேன், இனிக் கூறேன்.

நம் முன்னோர் அவையடக்கம் என ஒன்று வகுத்தனர். பெரும்புலவரும் தம் நூலின் முகப்பில் தம் குறையை ஒப்புக்கொண்டனர். ஆயினும், அக்குறையைக் காரணமாக்கி அவைக்கு வாராதிருந்தாரல்லர். அவைமுன் நின்று, தடை கூறினார்க்கு விடையிறுத்தனர். எனவே, அடக்கம் என்பது அவைக்கு வந்தபின் காட்டும் பண்பேயன்றி, வாராமைக்குக் கூறும் சாக்கன்று.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் 1887-இல் அச்சிட்டார். சமண சமயக் கருத்துக்கள் விளங்காதவிடத்து, கும்பகோணத்துச் சமண அன்பர்களை அடுத்து வினவித் தெளிந்தார். கல்லூரித் தமிழாசிரியராகிய தாம் பிறரிடம் ஐயம் கேட்பது இழுக்கென்று அவர் எண்ணவில்லை. முதற்பதிப்போடு தம் பணி முடிந்ததென்றும் இருக்கவில்லை; இருபது ஆண்டு கழித்து, 1907-இல், இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். ஐயமெல்லாம் அகலட்டும் என்று முன்னரே காத்திருந்தாராயின், அவ்விருபது ஆண்டும் அந்நூல் தமிழர் கைக்கு எட்டாதிருந்திருக்கும்.

"அங்ஙனமாயின், அரைகுறையானவற்றையெல்லாம் அச்சேற்றலாமோ?" என்று சிலர் வினவக்கூடும். அன்று. சோம்பலால் திருந்தாத எழுத்து வேறு. உழைத்தும் முடிவு பெறாத எழுத்து வேறு. முன்னதை எழுதியவனே திருத்தல் வேண்டும். பின்னதற்கோ மற்றொருவர் கண் வேண்டும். தன் கண்ணிலுள்ள மையைத் தானே காண்பார் இலர். அச்சுக்கு முன் ஒரு நண்பர், ஓர் ஆசிரியர்: அச்சிற்றவையே போதும்.

இதனை யான் காலந்தாழ்த்தே கற்றேன். சென்ற ஆண்டு தமிழ்க் கழகத்திற்கென ஒரு கட்டுரை தொடங்கினேன். எம் முதிய ஆசிரியர் ஒருவர் மும்முறை, "எழுதிய வரையில் கொண்டு வா, தம்பி" என்றார். மும்முறையும், "முடிந்தபின் காட்டுகின்றேன், ஐயா" என்றேன். முதற்பத்தியை மட்டும் ஒன்பது முறை மாற்றினேன். ஆண்டிறுதியில் அவர் ஓய்வு பெற்றுத் தம் ஊர் சென்றார். கட்டுரை பின்னர் முடிந்தது. அவருக்கு அஞ்சலில் அனுப்பினேன். கண்பார்வை குறைந்தமையால் தம்மால் படிக்க இயலவில்லை என்று, பிறர் கையால் எழுதுவித்து விடையனுப்பினார். யான் அஞ்சியது அவருடைய சிவப்பு மையை, இழந்ததும் அதனையே.

நண்பர்காள்! உங்கள் மேசைக்குள் உறங்கும் தாளை இன்றே எடுத்து ஒருவரிடம் கொடுமின். குறை கூறுவார் அருகிலிருக்கும் காலமே கற்குங் காலம்.

— தமிழ் ஆனர்ஸ் மாணவன் ஒருவன்