துணியின் குற்றம் இயந்திரத்தின் மேல்

சுருளிப்பட்டியில் கார் வைத்திருப்போருக்கு இயந்திரப் பாலிஷ் வீண் ஆடம்பரம் என்றும், அது பெயிண்டைத் தின்றுவிடும் என்றும், காலையில் உலர்ந்த துணியால் ஒரு துடை துடைத்தாலே போதும் என்றும் அன்பர் ஒருவர் வாதிக்கிறார். தின்னும் என்பது சத்தியமே. ஆனால், திராட்சைத் தோட்டங்களை ஒட்டிய மண்பாதைகளில் எழும்பிப் பானெட்டின் மேல் படியும் நுண்மணலை, ஒரு சொட்டு நீரும் காட்டாமல் அதே துணியால் வட்டமாக அழுத்தித் தேய்க்கிற கைங்கரியமே, வெயிலில் சிலந்திவலை போல் தெரியும் அந்தச் சுழிக்கீறல்களுக்கு முதற்காரணம் என்பதை அவர் எங்ஙனம் மறந்தார்?

நிறத்தின் மேலுள்ள கிளியர் கோட் சாதாரணமாக 40, 50 மைக்ரான் கனமே உடையது, மயிரிழையினும் மெல்லியது. இயந்திரம் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் விளிம்புகளைச் சுற்றியுள்ள பரப்பைச் சில மைக்ரான் சீவிச் சமன்செய்கிறது. ஆகையால் ஆண்டுதோறும் செய்வது அவிவேகம். நகம் தடுக்குமளவு ஆழ்ந்த கீறலை அதனால் போக்க முயல்வதும் அவ்வாறே. ஒரே அச்சில் சுழலும் இயந்திரத்தைப் பழகாத கை, கதவின் மடிப்பில் நிறுத்தினால் சூட்டில் பெயிண்ட் கருகும். அலைந்து சுழலும் வகையோ அத்தனை அபாயமானதன்று.

கடையில் எண்ணெய்ப்பசை பூசிக் கீறலை மறைத்துத் தருவோரும் உளர் (அன்பர் கண்டது அதைத்தான் போலும்!), ஸ்பிரிட் தோய்த்த துணியால் ஒருமுறை ஒற்றிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். அன்பர் முதலில் தம் துணியைக் கீழே வைத்துவிட்டு, காரின் மேல் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றட்டும்.