சேதம் குறைந்தது, மறதி கூடியது

அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகள் 78 பேரிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வைட்டமின் ஈ, வைட்டமின் சி, ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் மூன்றும் தினமும் தரப்பட்டன. 16 வாரம் கழித்து முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள். ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டிக்கொடுக்கும் ஐசோப்ரோஸ்டேன் குறைந்திருந்தது. ஆனால் அதே நோயாளிகளின் அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வேகமாகச் சரிந்திருந்தது.

சேதம் குறைந்தால் நோயும் தணிய வேண்டும் அல்லவா? அந்தக் கணக்குதான் இங்கே பொய்த்துப்போனது.

உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடலுக்குத் தேவையான ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. அந்த ஆற்றல் உற்பத்தியில், எதனோடும் சட்டென்று வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் பிறக்கின்றன. நரம்பணுக்களின் சவ்வில் கொழுப்பு அதிகம். அது இவற்றின் தாக்குதலுக்கு எளிதில் ஆளாகிறது. திறந்து வைத்த எண்ணெயில் சிக்கு வாடை வருவதும் இதே வகை வேதிவினையால்தான். ஆய்வாளர் நுனோமுராவின் குழுவினர் 2001இல் இறந்தவர்களின் மூளைத்திசுக்களை ஆராய்ந்து, ஆக்சிஜனேற்றச் சேதம் நோயின் தொடக்கத்தில்தான் மிகுதி, நோய் முற்றும்போது குறைகிறது என்றார்கள். காலம் தவறிக் கொடுத்த மருந்து பயன்படாமல் போயிருக்கலாம் என்ற ஐயம் அதன்பின் வலுத்தது.

வைட்டமின் ஈயின் வரலாறோ குழப்பமானது. நோய் நடுத்தர நிலையில் இருந்தவர்களுக்கு அது அன்றாடச் செயல்திறன் இழப்பைத் தள்ளிப்போட்டது என்று 1997இல் ஓர் ஆய்வு சொன்னது. முன்னாள் படைவீரர்கள் 613 பேரை வைத்து நடந்து, 2014இல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய அதையே சொன்னது. நோய் வருமுன் காக்குமா என்று பார்த்தபோது கைவிரித்துவிட்டது: லேசான மறதி உள்ளவர்களிடம் 2005இல் பலனில்லை, 7,500க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்விலும் இல்லை. தொடக்கத்திலேயே கொடுத்தால் போதும் என்ற விளக்கத்தையும் இந்த முடிவுகள் ஆட்டங்காண வைக்கின்றன.

இப்போது ஆய்வாளர்களின் பார்வை இரும்பின் பக்கம் திரும்பியிருக்கிறது. மூளையில் சேரும் இரும்பு சவ்வுக் கொழுப்பின் சிதைவைத் தூண்டி நரம்பணுக்களைக் கொல்லக்கூடும். இவ்வகை இறப்புக்கு 2012இல் ஃபெராப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். இரும்பை வெளியேற்றினால் நோய் நிற்கும் என்ற நம்பிக்கையில், தலசீமியா நோயாளிகளுக்குத் தரப்படும் டெஃபெரிப்ரோனை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 81 பேரிடம் சோதித்தார்கள். 2024இல் வந்த முடிவு வருத்தமளிப்பது. மூளையின் நினைவுப் பகுதியில் இரும்பு குறைந்தது. அறிவுத்திறனோ இன்னும் வேகமாக மங்கியது. 2012இன் வைட்டமின் ஆய்வில் கண்ட அதே முரண்! நினைவு பதிவதற்கே ஓரளவு இந்த வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் இரும்பும் மூளைக்குத் தேவை என்பதை ஒதுக்கிவிட்டு இனி எந்த மருந்தையும் வடிவமைக்க முடியாது.

இத்தனைக்கும் நடுவே, அப்பாவின் மறதியைக் கண்டு கலங்கும் பிள்ளைகள் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளை வாங்கிக் குவிக்கிறார்கள். அவர்களின் தவிப்பு புரிகிறது. ஆனால் 2014 ஆய்வில் தந்த வைட்டமின் ஈயின் அளவு தினமும் 2,000 யூனிட், அதுவும் மருத்துவர்களின் கண்காணிப்பில். தினமும் 400 யூனிட் எடுத்துக்கொண்ட ஆரோக்கியமான ஆண்களிடையே புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதை 2011இல் இன்னொரு பெரிய ஆய்வு பதிவுசெய்தது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் முதியவர்களுக்கு, அதிக அளவு வைட்டமின் ஈ ரத்தக்கசிவு ஆபத்தையும் கூட்டும்.