யாருக்கும் பாதிப்பில்லை என்றார்கள்

பேஸ்பாலுக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. 1839-ல் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் ஆப்னர் டபுள்டே என்ற இளைஞர் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தாராம். பின்னாளில் உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்தவர் என்பதால், தேசத்தின் விளையாட்டுக்குத் தந்தையாக்க வசதியான ஆள். ஆனால் கதை பொய். அந்த ஆண்டு டபுள்டே வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். இதைக் கண்டுபிடித்தது தான்தான் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

கதையைத் தயாரித்தது ஒரு குழு. பேஸ்பால் ஆங்கிலேயச் சிறுவர்களின் ரவுண்டர்ஸ் ஆட்டத்திலிருந்து வந்தது என்று பத்திரிகையாளர் ஹென்றி சாட்விக் எழுதிவந்தார். விளையாட்டுப் பொருள் வியாபாரி ஆல்பர்ட் ஸ்பால்டிங்குக்கு அது பொறுக்கவில்லை. அவர் முயற்சியில் 1905-ல் ஏ.ஜி. மில்ஸ் தலைமையில் அமைந்த குழு, ஒரு முதியவரின் கடிதத்தை நம்பி டபுள்டேயைத் தந்தையாக அறிவித்தது. 1839-ல் அந்த முதியவருக்கு வயது ஐந்து! இங்கிலாந்தில் 1744-ல் வந்த சிறுவர் நூலிலேயே 'பேஸ்பால்' என்ற பெயர் இருக்கிறது. 1845-ல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கிளப் விதிகளை எழுதிவைத்தது. பல ஊர்களில், பல கைகளில் வளர்ந்த ஆட்டம் இது.

அதே 1839-ல் பிறந்த வேறொருவரைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். ஆக்டேவியஸ் காட்டோ, பிலடெல்பியாவின் கறுப்பின ஆசிரியர். டிராம் வண்டிகளில் கறுப்பின மக்களை ஏற்ற மறுத்ததை எதிர்த்துப் போராடி, 1867 மார்ச்சில் அதற்கெதிரான சட்டம் வரக் காரணமானவர்களில் ஒருவர். பித்தியன் என்ற பேஸ்பால் கிளப்பை நடத்தியவர், அதில் ஆடியவர்.

அந்த ஆண்டு அக்டோபரில் மாநிலச் சங்கத்தில் சேர பித்தியன் விண்ணப்பித்தது. பிரதிநிதிகள் பலர் தனியே வந்து அனுதாபம் தெரிவித்தார்கள். வாக்கெடுப்பில் தோற்று அவமானப்படுவதைவிட நீங்களே விலகிக்கொள்ளுங்கள் என்று பக்குவமாகச் சொன்னார்கள். இப்படிப் பேசும் நண்பர்களை நமக்கும் தெரியும். பித்தியன் விலகியது.

டிசம்பரில் தேசியச் சங்கம் காட்டோவின் ஊரிலேயே கூடியது. ஒரு கறுப்பினர் இருந்தாலும் அந்தக் கிளப்புக்கு இடமில்லை என்று முடிவெடுத்தது. சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: அவர்களைச் சேர்த்தால் கருத்து வேறுபாடு வரும், விலக்கினால் யாருக்கும் பாதிப்பில்லை. அரசியல் சார்ந்த விவாதம் மாநாட்டுக்குள் வரக்கூடாது என்பதும் நோக்கமாம். விலக்குவது அரசியல் இல்லை, சேர்த்துக்கொள்வதுதான் அரசியல்! அந்த 'யாருக்கும்' என்ற சொல்லுக்குள் காட்டோ இல்லை.

1869-ல் பித்தியன், ஒலிம்பிக் என்ற வெள்ளையர் கிளப்போடு மோதி 44-23 என்று தோற்றது. ஒரே களத்தில் ஆட முடியும் என்பதை அந்தப் போட்டி காட்டிவிட்டது. 1871 அக்டோபர் 10, தேர்தல் நாள். கறுப்பின மக்கள் வாக்களிப்பதைத் தடுக்க நடந்த வன்முறையில் காட்டோ தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. சுட்டவரைச் சாட்சிகள் அடையாளம் காட்டியும் 1877-ல் நீதிமன்றம் விடுவித்தது. இதற்கிடையில் 1873-ல் ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். புலே போற்றிய அந்த நாட்டில், விடுதலை பெற்றவர்களுக்குக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன.

1876-ல் தொடங்கிய நேஷனல் லீக் தடையை எழுத்தில் வைக்கவில்லை. 'கனவான்களுக்குள்' ஒரு புரிதல், அவ்வளவுதான். எழுதாத விதி பழங்காலத்திலிருந்தே இருந்ததுபோலத் தோன்றும். ஆனால் இதற்குத் தேதிகள் இருக்கின்றன. 1883-ல் சிகாகோ அணியின் கேப்டன் கேப் ஆன்சன், டொலிடோ அணியின் கறுப்பின வீரர் மோசஸ் பிளீட்வுட் வாக்கர் இறங்கினால் ஆடமாட்டேன் என்றார். காயத்தால் ஓய்விலிருந்த வாக்கரை டொலிடோ மேலாளர் வேண்டுமென்றே களமிறக்கினார். வசூலில் பங்கு கிடைக்காது என்றதும் ஆன்சன் ஆடினார். மறுத்தால் பணிவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மறு ஆண்டு வாக்கர் மேஜர் லீக்கில் ஆடினார், பந்து பிடிக்கும் கேட்சராக. எந்தப் பந்தை வீசுவது என்று கேட்சர்தான் சைகை காட்டுவார். அவருடைய பிட்சர் டோனி முலேன், கறுப்பினர் என்பதால் வாக்கரின் சைகையைப் பார்க்காமலேயே தன் இஷ்டத்துக்கு வீசியதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். தான் கண்ட கேட்சர்களில் வாக்கர்தான் சிறந்தவர் என்றும் அதே மூச்சில் சொன்னார். என்ன பந்து வருகிறது என்று தெரியாமலேயே வாக்கர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

1887 ஜூலை 14. நியூவர்க் அணிக்காக ஜார்ஜ் ஸ்டோவி பந்து வீசுவதாக இருந்தது. எதிரணி ஆன்சனுடையது. ஸ்டோவிக்கு உடல்நலமில்லை என்று சொல்லி உட்காரவைத்தார்கள். இந்த முறை பணிந்தது ஆன்சன் அல்ல. அதே நாளில் இன்டர்நேஷனல் லீக் இயக்குநர்கள் கூடி, இனிக் கறுப்பின வீரர்களோடு புதிய ஒப்பந்தம் இல்லை என்று முடிவெடுத்தார்கள். சில ஆண்டுகளில் கதவு முழுதாக மூடியது. 1920-ல் ரூப் பாஸ்டர் கறுப்பின அணிகளுக்கென்று தனி லீக் தொடங்கினார். மேஜர் லீக்கின் கதவு ஜாக்கி ராபின்சனுக்காக 1947-ல்தான் திறந்தது.

ராபின்சனை 'முதல் கறுப்பின வீரர்' என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அவருடைய துணிச்சலில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் சொல்லில்தான் சந்தேகம். அவரை முதல்வர் ஆக்கிவிட்டால் வாக்கர் மறைந்துவிடுகிறார். கூடவே, கதவை மூடியவர்களும் தப்பிவிடுகிறார்கள்.

ஏப்ரல் 15 அன்று மேஜர் லீக் வீரர்கள் அனைவரும் ராபின்சனின் 42-ஆம் எண்ணை அணிகிறார்கள். பேஸ்பாலின் புகழ் மண்டபம் கூப்பர்ஸ்டவுனில் இருக்கிறது, டபுள்டே கதையின் நூற்றாண்டான 1939-ல் திறந்தது. அதே ஆண்டு ஆன்சனுக்கும் அங்கே இடம் கொடுத்தார்கள். அவர் வென்ற பட்டங்களையும் அடித்த அடிகளையும் அங்குள்ள பட்டயம் சொல்கிறது. நியூவர்க் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.