மூன்றெழுத்தில் ஒரு முழு அகராதி
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

ஆங்கிலத்தில் நம்மை அச்சுறுத்தும் சொற்கள் எவை என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் நீளமான சொற்களையே சுட்டிக்காட்டுவர். 'ஃபோட்டோசிந்தசிஸ்', 'எலக்ட்ரோமேக்னடிசம்' போன்ற வாயில் நுழையாத சொற்களே நம் எதிரிகள் என்பது பொதுவான எண்ணம். என் கருத்து இதற்கு நேர்மாறானது. நீளமான சொல் பார்வைக்கு முரடன், பழக்கத்தில் நல்லவன். ஒளிச்சேர்க்கை என்று ஒருமுறை தெரிந்து கொண்டால் போதும், பிறகு அவன் நம்மை ஒருநாளும் ஏமாற்ற மாட்டான். ஏமாற்றுபவை சின்னஞ்சிறு சொற்களே. தெரிந்தவரைப் போலச் சிரித்துக்கொண்டே வந்து, நாம் எதிர்பாராத பொருளைக் கையில் திணித்துவிட்டுப் போகிறவை அவை. அவற்றுள் தலையாயது எஸ், இ, டி என்னும் மூன்றே எழுத்துகளால் ஆன 'செட்' என்பேன்.

1989இல் இருபது தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில், இந்த ஒரு சொல்லுக்கு 430 பொருள்கள் பட்டியலிடப்பட்டிருந்தன. அவ்வகராதியைத் திருத்தும் பணி பின்னர் தொடர்ந்தபோது, 'ரன்' என்ற இன்னொரு மூன்றெழுத்துச் சொல் இதனை முந்திக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டுமே 'ரன்' என்பதற்கு 645 பொருள்களை வகைப்படுத்திய பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியருக்கு அதற்கே ஒன்பது மாதங்கள் பிடித்தனவாம். அகராதி எழுதுவோருக்கே ஒரு சொல்லுக்கு ஒன்பது மாதம் தேவைப்படும்போது, வீட்டில் ஆங்கிலம் அறிந்தார் ஒருவரும் இல்லாத மாணவன் ஒரு நொடி தயங்கி நிற்பது குற்றமாகுமா?

நம் ஊரில் ஒரு செட்

இந்தச் சொல் நமக்குப் புதியதன்று. ஆங்கிலம் அறியாத நம் தாய்மார்களும் தந்தைமார்களும் நாள்தோறும் வழங்கும் சொல்தான். வயலில் ஓடுவது பம்புசெட். ஓட்டலில் தின்பது செட் தோசை. கல்யாணத்தில் மணப்பெண் அணிவது நகை செட். சினிமாக்காரர்கள் போடுவது அரண்மனை செட். "அவனும் நானும் ஒரே செட்" என்றால் உடன் படித்தவன். "அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது" என்றால் ஒத்துப்போகாதவன். கொத்தனாரான என் தந்தையார் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் "பூச்சு செட் ஆகட்டும், கை வைக்காதே" என்று சித்தாளுக்குச் சொல்லும்போது அச்சொல்லை மிகச் சரியான பொருளில்தான் ஆளுகிறார்.

அது எவ்வளவு சரி என்பதை வேதியியல் படித்தபின்பே நான் உணர்ந்தேன். சிமெண்ட் இறுகுவது வேறு, வலுப்பெறுவது வேறு. முன்னதே 'செட்டிங்'. இந்தியத் தர நிர்ணயத்தின்படி, சாதாரணப் போர்ட்லண்ட் சிமெண்ட் நீர் கலந்த 30 நிமிடங்களுக்குள் இறுகத் தொடங்கிவிடக் கூடாது. 600 நிமிடங்களுக்குள் இறுகி முடித்துவிடவும் வேண்டும். அளவுக்கு மீறி விரைந்து இறுகாதிருக்கவே ஜிப்சம் சேர்க்கிறார்கள். இறுகிய பிறகும் வலிமை பல நாள் கூடிக்கொண்டே போகிறது; அதனால்தான் அதன் வலிமையை 28ஆம் நாளிலும் சோதிக்கிறார்கள். இவ்வளவு செய்தியும் தந்தையாரின் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

கல்லூரிக்குள் பல செட்

இனி நம் கல்லூரியையே ஒருமுறை சுற்றி வருவோம். கணித வகுப்பில் 'செட்' என்றால் கணம். நன்கு வரையறுக்கப்பட்ட பொருள்களின் தொகுப்பு. ஒன்பதாம் வகுப்பிலேயே 'கண மொழி' என்று தமிழில் நாம் படித்ததுதான். நம் பெட்டியில் கிடக்கும் மூலைமட்டமும் ஆங்கிலத்தில் 'செட் ஸ்கொயர்'தான். ஆனால் அதற்கும் கணத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இயற்பியல் ஆய்வகத்தில் கருவியைப் பொருத்தி அமைப்பது 'செட் அப்'. அதில் எடுக்கும் அளவீடுகளின் தொகுதி ஒரு 'செட்'. தாவரவியலார் 'ஃப்ரூட் செட்' என்பது காய்ப்பிடிப்பை. கரும்பு நடும் கரணைக்கும் 'செட்' என்றே பெயர். எழுதும்போது மட்டும் ஒரு 'டி' கூடுதல். வணிகவியலில் ஒரு கணக்கை இன்னொரு கணக்கால் ஈடு செய்வது 'செட் ஆஃப்'. ஆங்கில இலக்கிய வகுப்பிலோ கதை நிகழும் களமும் காலமும் 'செட்டிங்'. மாலையில் கைப்பந்து மைதானத்துக்குப் போனால், 25 புள்ளிகள் கொண்ட ஆட்டப் பகுதி ஒரு செட். ஐந்தாவது செட்டுக்கு மட்டும் 15. அதே ஆட்டத்தில் அடிப்பவனுக்கு வாகாகப் பந்தை உயர்த்திக் கொடுப்பதும் செட்டே. இவையெல்லாம் முடிந்து கதிரவன் மேற்கே சாய்வதும் 'செட்'!

அப்படியானால் இது முறையற்ற மொழியா? இல்லை. வேரைத் தோண்டினால் ஒழுங்கு தென்படுகிறது. ஆங்கிலத்தில் 'சிட்' என்றால் உட்கார்; 'செட்' என்றால் உட்காரச் செய். அமர் - அமர்த்து, கிட - கிடத்து, விழு - வீழ்த்து என்று நாம் படித்த தன்வினை பிறவினை உறவே அங்கும் இருக்கிறது. கல்லை அமர்த்துவது, முறிந்த எலும்பைப் பொருத்தி அமர்த்துவது, கடிகார முள்ளை உரிய இடத்தில் அமர்த்துவது, கலவை தன் நிலையில் அமர்ந்து இறுகுவது யாவும் அந்த ஒரு கருத்தின் கிளைகளே. தொகுதி என்னும் பொருள் தரும் 'செட்' மட்டும் வேறு குடும்பம். பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த 'செக்டா' என்னும் இலத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக வந்து இதனோடு ஒலியால் கலந்துவிட்டது. ஆக, கொத்தனாரின் செட்டும் கணிதப் பேராசிரியரின் செட்டும் பிறப்பால் வேறு, உருவத்தால் ஒன்று.

தொல்காப்பியர் தரும் சாவி

"தமிழில் இப்படியெல்லாம் குழப்பம் உண்டா?" என்று சில நண்பர்கள் மார்தட்டுகிறார்கள். அவர்களை நான் பணிவுடன் கேட்கிறேன்: 'படி' என்றால் என்ன? புத்தகத்தைப் படி, மாடிப்படி, ஒரு படி அரிசி, கடிதத்தின் படி, அகவிலைப்படி, சொன்னபடி, மூன்றாம் படிச் சமன்பாடு. ஓர் அயல்நாட்டார் தமிழ் கற்க வந்தால் இந்த இரண்டெழுத்தைக் கண்டே கப்பலேறி விடுவார்! நம் நிகண்டுகள் 'ஒருசொற் பல்பொருள்' என்று தனித் தொகுதியே வைத்திருப்பது எதனால்? எல்லா உயிருள்ள மொழிகளிலும் அடிக்கடி புழங்கும் சொல் பல பொருள்களைச் சுமக்கும் என்பதால்தான். எனவே இதை வைத்து ஆங்கிலத்தை இகழ்வதும் தவறு, "430 பொருளா! அதுவல்லவா மொழி" என்று வாய்பிளப்பதும் தவறு.

வியப்பு என்னவென்றால், இச்சிக்கலுக்கு விடையை நம் பழைய இலக்கணமே கூறியிருக்கிறது. பலபொருள் ஒருசொல்லின் பொருளை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிய வேண்டும் என்பது தொல்காப்பியம், சொல்லதிகாரம் தரும் விதி. 'மா' என்றால் மரமா, விலங்கா? மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. அவ்விதியை 'செட்'டின் மேல் வைத்துப் பாருங்கள். செட் ஓடுகிறது என்றால் வயலில் பம்புசெட். செட் தின்றான் என்றால் தோசை. செட் போட்டார்கள் என்றால் சினிமா. வினை பொருளைக் காட்டிவிட்டது. பக்கத்தில் எலும்பு என்ற சொல் நின்றால் ஒரு பொருள், சிமெண்ட் நின்றால் ஒரு பொருள், இது இனம். பேசப்படும் இடம் மைதானமா வகுப்பறையா என்பது சார்பு. ஆங்கிலச் சொல்லுக்கு வேண்டிய சாவி பகுதி 1 தமிழ்ப் பாடத்திலேயே இருக்கிறது. நாம்தான் பகுதி 2 வகுப்புக்கு அதை எடுத்துப் போவதில்லை.

அதே இலக்கணம் இன்னொன்றையும் கூறுகிறது. வினையும் பொதுவாய் நின்று பொருள் விளங்காதபோது, சொல்பவரே தாம் கருதியதைத் தெரித்துச் சொல்ல வேண்டும். "முதல் செட் போய்விட்டது" என்கிறார் ஒருவர். ஆட்டத்தில் தோற்றார்களா, வினாத்தாள் கட்டு காணாமற் போயிற்றா? கேட்பவன் எவ்வளவு கெட்டிக்காரனாயினும் ஊகிக்க இயலாது. இங்கே கடமை சொல்பவருடையது. மொழியின் சுமையைக் கேட்பவன் தலையில் மட்டும் ஏற்றாத இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இழப்பு யாருக்கு?

இதில் இழப்பதற்கு உண்மையிலேயே ஏதேனும் உண்டா என்று கேட்கலாம். உண்டு. மகள் திருமணத்துக்கென்று பணத்தை 'செட் அசைட்' செய்தால், அது பத்திரமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. கீழ்நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக வந்த நிலத் தீர்ப்பை மேல்நீதிமன்றம் 'செட் அசைட்' செய்தால், அத்தீர்ப்பு ரத்தாகிவிட்டது. இரண்டையும் ஒன்றென்று எண்ணிய குடும்பம், மேல்முறையீட்டுக்கான நாட்களைக் கோட்டைவிடக் கூடும். 'செட்பேக்' என்றால் செய்தித்தாளில் பின்னடைவு. வீட்டு வரைபட அனுமதியில் மனையைச் சுற்றி விடவேண்டிய காலியிடம். நம் தெருவுக்கு ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தால், அதைப் படித்துச் சொல்ல நம்மைத்தானே தேடி வருகிறார்கள்?

வகுப்பறை இழப்பு இதனினும் பெரிது. தமிழ்வழியில் படித்து வந்தவன் தெரிந்த சொல்லைத் தெரிந்த பொருளில் எடுத்துக்கொண்டு ஒரு விடை சொல்கிறான். வகுப்பில் சிரிப்பு எழுகிறது. மறுநாள் அவன் கை உயர்வதில்லை. கணிதத்தில் ஒன்று பாருங்கள்: கதவு திறந்திருந்தால் மூடியிராது. ஆனால் மெய்யெண்களின் கணம் திறந்த கணமும் ஆகும், மூடிய கணமும் ஆகும். பூச்சியத்தைச் சேர்த்து ஒன்றைச் சேர்க்காத இடைவெளியோ இரண்டும் ஆகாது. இங்கே அகராதியைப் புரட்டிப் பயனில்லை. வரையறை ஒன்றே வழி. இதில் தடுமாறுபவனுக்கு ஆங்கிலம் வராது என்பதும், அறிவு போதாது என்பதும் ஒருசேர அநீதி.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. ஒன்று, ஒரு சொல்லுக்கு எதிரே ஒரே பொருளை எழுதி மனப்பாடம் செய்யும் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். சொல்லைத் தனியாக எழுதாமல் அது வந்த வாக்கியத்தோடு எழுதுவோம். இரண்டு, பேராசிரியப் பெருமக்கள் ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும், அப்பாடத்தில் தனிப்பொருள் பெறும் பத்துப் பதினைந்து எளிய சொற்களைத் தமிழிலும் விளக்கி உதவ வேண்டும். பவர், பேஸ், செல், வொர்க், ஃபீல்டு, செட் என அவை எல்லாம் நமக்குத் 'தெரிந்த' சொற்களே. அதனாலேயே விளக்கப்படாமல் போகின்றன. மூன்று, "சார், இந்த இடத்தில் இதற்கு என்ன பொருள்?" என்று எழுந்து கேட்பவனைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கம் நம் வகுப்புகளில் இல்லாது போக வேண்டும்.

நண்பர்களே, தமிழிலும் ஒரு 'செட்டு' உண்டு. கட்டும் செட்டுமாகக் குடித்தனம் நடத்துவது என்பார்கள் நம் பெரியவர்கள். அங்கே செட்டு என்றால் சிக்கனம். ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் உறவு ஏதுமில்லை. ஆனால் சிக்கனமாகச் சேர்த்த காசில்தான் நம்மில் பலரைப் பெற்றோர் இக்கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காசில் நாம் வாங்கும் கல்வி, மூன்றெழுத்துச் சொல்லின் முன் கூசி வாயடைத்து நிற்பதற்காக அன்று. கேட்போம்; கேட்கக் கேட்க விளங்கும்.